இரண்டு பெண்கள், ஒரு பாய்மரப் படகு, எட்டு மாதக் குடித்தனம்

போடியில் ஒரு நடுத்தர வீட்டின் வாசல்படியிலிருந்து கொல்லைக் கதவு வரை நடந்து பாருங்கள். 50 அடி, மிஞ்சிப் போனால் 60 அடி இருக்கும். அவ்வளவே நீளமுள்ள ஒரு பாய்மரப் படகில், சுற்றிலும் தண்ணீரைத் தவிர வேறொன்றும் கண்ணில் படாமல், இரண்டு பெண்கள் உலகத்தையே ஒரு சுற்றுச் சுற்றி வந்திருக்கிறார்கள்!

படகின் பெயர் தாரிணி. நீளம் 56 அடி. கோவாவில் கட்டி, 2017-ல் நம் இந்தியக் கடற்படையில் சேர்த்தார்கள். 2024 அக்டோபர் 2-ம் தேதி கோவாவிலிருந்து அதில் கிளம்பியவர்கள் லெப்டினன்ட் கமாண்டர் தில்னாவும், லெப்டினன்ட் கமாண்டர் ரூபா அழகிரிசாமியும். தில்னா கோழிக்கோட்டுக்காரர். ரூபா நம் புதுச்சேரிப் பெண். ஆஸ்திரேலியாவில் ஃப்ரீமேன்டில், நியூசிலாந்தில் லிட்டில்டன், தென் அமெரிக்காவின் அடியில் இருக்கும் ஃபாக்லாந்து தீவுகளில் போர்ட் ஸ்டான்லி, தென்னாப்பிரிக்காவில் கேப் டவுன் என்று நான்கே இடங்களில் கரை தொட்டு, 2025 மே 29-ல் கோவா திரும்பினார்கள். கடந்து வந்த தூரம் 46,000 கிலோமீட்டருக்கு மேல்.

இவர்களுக்கு முன்னால் 2017-18-ல் இதே படகில் வர்த்திகா ஜோஷி தலைமையில் ஆறு பெண்கள் உலகைச் சுற்றி வந்தார்கள். இந்த முறை இரண்டே பேர்.

வீரத்தைப் பற்றிப் பேப்பரில் நிறைய எழுதிவிட்டார்கள். எனக்கு வந்த சந்தேகமெல்லாம் வேறு. அடுப்பு எங்கே இருக்கும்? சாதம் வடிப்பது எப்படி? துணி எங்கே காயும்? ராத்திரி யார் தூங்குவது, யார் விழித்திருப்பது? நீண்ட கடல் பயணம் போகும் பாய்மரப் படகுக்காரர்களுக்கெல்லாம் பொதுவான ஒரு குடித்தன முறை இருக்கிறது. அதைத் தேடித் தேடிப் படித்தபோது, இது நம் அடுப்படி சமாசாரம்தானே என்று தோன்றிவிட்டது.

போடிக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்?

மலையடிவாரத்தில் இருக்கிற நமக்குக் கடல் ரொம்ப தூரம் என்று நினைக்கிறோம். ஆனால் ஏலமலைக்கு மழையைக் கொண்டுவருகிற காற்று அந்தக் கடலிலிருந்துதானே வருகிறது? பூமத்திய ரேகைக்குத் தெற்கே தென்கிழக்கிலிருந்து வீசும் காற்று, ரேகையைத் தாண்டியதும் திரும்பித் தென்மேற்குப் பருவக்காற்றாகிறது. அரபிக் கடலின் ஈரத்தைச் சுமந்து வந்து மலையில் கொட்டுகிறது. ஏலச்செடி செழிப்பதும் நம் வீடுகளில் அடுப்பு எரிவதும் அதனால்தான்.

தாரிணிக்கும் காற்றுதான் எல்லாம். 2025-ல் கேரளாவில் மே 24-லேயே பருவமழை தொடங்கிவிட்டது. கடைசிக் கட்டமாகக் கேப் டவுனிலிருந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த அந்தப் பெண்கள், நம் மலைக்கு மழை வந்த அதே வாரத்தில்தான் கோவாவை நெருங்கினார்கள்.

ஆடுகிற அடுப்பு

பாய் விரித்து ஓடும் படகு நேராக நிற்காது. ஒரு பக்கமாகச் சாய்ந்தே ஓடும். நாள் கணக்கில், சில சமயம் வாரக் கணக்கில், தரை சாய்ந்தேதான் இருக்கும். அதனால் அடுப்பைத் தரையில் பதிக்காமல் இரண்டு பக்கமும் அச்சில் தொங்கவிட்டிருப்பார்கள். படகு எப்படிச் சாய்ந்தாலும் அடுப்பு மட்டும் ஊஞ்சல் மாதிரி ஆடி நேராக நிற்கும். பாத்திரம் நழுவாமல் இருக்கச் சுற்றிலும் கம்பி. சமைப்பவர் விழாமல் இருக்க இடுப்பில் ஒரு வார்!

கொதிக்கிற குழம்பு மேலே கொட்டினால் என்ன ஆகும்? பக்கத்தில் ஆஸ்பத்திரியா இருக்கிறது? அதனால் அலை அதிகமான நாளில், சமைக்கும்போது கூட மழைக்கால்சட்டை போட்டுக்கொள்கிறார்கள். டம்ளரில் பாதிதான் ஊற்றுவார்கள். தட்டு கிடையாது, ஆழமான கிண்ணத்தில் ஒரே கலவைச் சாதம்.

படகுக்காரர்கள் மெச்சுகிற பாத்திரம் எது தெரியுமா? நம் பிரஷர் குக்கர்தான்! மூடி இறுகப் பூட்டிக்கொள்வதால் கவிழ்ந்தாலும் சிந்தாது. கேஸும் தண்ணீரும் மிச்சம். ஆனால் தோசை மட்டும் கனவுதான். மாவு ஊற்றினால் கல்லின் ஒரு ஓரத்துக்கே ஓடிவிடுமே! தென்கடல் குளிரில் இட்லி மாவும் பொங்காது. மார்கழியில் மேலே தோட்டத்தில் இருப்பவர்கள் மாவுப் பாத்திரத்துக்குக் கம்பளி போர்த்துவார்களே, அந்தக் கதைதான்.

சாமான் அடுக்கும் சாமர்த்தியம்

லிட்டில்டனிலிருந்து போர்ட் ஸ்டான்லிக்கு ஏறக்குறைய 10,000 கிலோமீட்டர். 2025 ஜனவரி 4-ல் கிளம்பியவர்கள் பிப்ரவரி 18-ல்தான் கரையைக் கண்டார்கள். நடுவில் கடையும் கிடையாது, பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்கவும் முடியாது. உப்பை மறந்தால் மறந்ததுதான்.

அதனால் கிளம்புவதற்கு முன்னால் நாளுக்கு இவ்வளவு, ஆளுக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டு வாங்குகிறார்கள். புயலில் நாள் கூடிப்போனால் ஆகும் என்று அதற்கு மேலும் ஒரு பங்கு வைக்கிறார்கள். எந்தச் சாமான் எந்தப் பலகைக்கு அடியில் இருக்கிறது என்று நோட்டில் எழுதி வைக்கிறார்கள். டின் மேல் ஒட்டிய காகிதம் ஈரத்தில் ஊறி உரிந்துவிடும். பிறகு பட்டாணி எது, பழம் எது என்று தெரியாது. அதனால் டின் மேலேயே அழியாத மையால் பெயர் எழுதிவிடுவார்கள். பழங்களை வலையில் போட்டு உறி மாதிரி தொங்கவிடுவார்கள். உருளைக்கிழங்கையும் வெங்காயத்தையும் தள்ளித் தள்ளி வைப்பார்கள். முட்டையை இரண்டு நாளைக்கு ஒரு தரம் திருப்பி வைப்பார்கள்.

மூன்று வாரம் போனால் பச்சைக் காய்கறி தீர்ந்துவிடும். அப்போது கை கொடுப்பது முளைகட்டிய பயறு! ஒரு பாட்டில், கொஞ்சம் பாசிப்பயறு, கொஞ்சம் தண்ணீர். இரண்டு மூன்று நாளில் நடுக்கடலில் ஒரு கீரைத் தோட்டம்.

இதில் ஒரு பெரிய விஷயம் அடங்கியிருக்கிறது. அந்தக் காலத்துக் கப்பல்களில் மாதக் கணக்காக உப்புக் கண்டமும் ரொட்டியுமே தின்ற மாலுமிகளுக்கு ஈறு வீங்கி, பல் ஆடி, பழைய காயமெல்லாம் வாய் திறந்து, கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். 1747-ல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் டாக்டர் 12 நோயாளிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடிக்கும் ஒவ்வொரு மருந்து கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இரண்டு பேர்தான் சீக்கிரம் தேறினார்கள். வைட்டமின் சி என்ற பெயரே அப்போது கிடையாது. நாம் சாப்பாட்டில் பிழிகிற அரை மூடி எலுமிச்சம்பழத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். சூட்டில் அந்தச் சத்து குறைந்துவிடும் என்பதால், அடுப்பை விட்டு இறக்கிய பிறகே பிழிய வேண்டும்.

குடிக்கிற தண்ணீர்

சுற்றிலும் தண்ணீர், குடிக்க ஒரு வாய் கிடையாது. கடல் தண்ணீரை நல்ல தண்ணீராக்கும் கருவி இப்போது படகுகளில் உண்டு. ஆனால் அதற்கு மின்சாரம் வேண்டும். சூரிய ஒளித் தகட்டிலிருந்தோ, இன்ஜினை ஓட்டியோதான் மின்சாரம் எடுக்க வேண்டும். கருவி பழுதானால் மழைத் தண்ணீரைப் பாயில் ஏந்திப் பிடிப்பார்கள். பாத்திரம் கழுவுவது கடல் தண்ணீரில். கடைசியாக அலச மட்டும் ஒரு கை நல்ல தண்ணீர்.

இவ்வளவு சிக்கனத்திலும் குடிக்கிற தண்ணீரில் மட்டும் கை வைக்கக் கூடாது என்பது அவர்கள் சட்டம். தாகம் எடுக்காவிட்டாலும் நேரத்துக்குக் குடித்தாக வேண்டும். தண்ணீர் குறைந்தால் தலைவலி, மலச்சிக்கல், நிதானக் குறைவு எல்லாம் வரும். நிதானம் தவறினால் படகில் உயிருக்கே ஆபத்து.

இதைப் படித்தபோது எனக்கு நம் ஊர் ஜீப்புகள்தான் கண்ணில் நின்றன. விடியும் முன்பே ஏலத் தோட்ட வேலைக்கு மலையேறுகிறார்களே நம் பெண்கள், அவர்களில் எத்தனை பேர் தண்ணீர் குடிக்காமலே போகிறார்கள் தெரியுமா? எங்கள் தெரு அக்கா ஒருத்தர் சொன்னார்: "குடிச்சா ஒதுங்க எடம் வேணுமேம்மா. அதுக்குப் பேசாம குடிக்காமலே இருந்துர்றது." சிறுநீரை அடக்குவதாலும் தண்ணீர் குறைவாகக் குடிப்பதாலும் நீர்க்கடுப்பும் சிறுநீரகத் தொல்லையும் வரும். நடுக்கடலில் இரண்டு பேருக்கு ஒரு கழிப்பறை இருக்கிறது. சின்னதுதான், கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார வேண்டும், ஆனாலும் இருக்கிறது. கரையில் வேலை செய்யும் பெண்களுக்கும் அது வேண்டும் என்று கேட்பதில் என்ன வெட்கம்?

உப்பும் ஈரமும்

ஆடி மாதத்தில் கல்லுப்பு ஜாடி நீர்த்துப் போகிறதல்லவா? உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கடல் தண்ணீர் பட்ட துணியும் அப்படித்தான். எத்தனை நாள் உலர்த்தினாலும் முழுசாகக் காயாது. அதையே உடுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தால் தோல் புண்ணாகிவிடும். அதனால் தினமும் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் உடம்பைத் துடைத்து, மடிப்புகளில் ஈரமில்லாமல் ஒற்றி எடுத்து, காய்ந்த உடை ஒன்றைப் படுக்கைக்கென்றே பத்திரமாக வைத்துக்கொள்கிறார்கள்.

ஈரத்தின் குணம் போடிப் பெண்களுக்குத் தெரியாதா என்ன? பச்சை ஏலக்காயை ஸ்டோரில் போட்டுப் பதமாக உலர்த்தாவிட்டால் பூசணம் பிடிக்கும், நிறம் போகும், விலையும் போகும். கைக்குழந்தையின் கழுத்து மடிப்பும் தொடை மடிப்பும் அதே மாதிரிதான். பவுடரைக் கொட்டுவதைவிட, ஈரத்தை ஒற்றி எடுத்துக் காற்றாட விடுவதுதான் குழந்தையின் தோலுக்கு நல்லது.

மாதவிலக்கு நாட்கள் கடலிலும் வரத்தானே செய்யும்? அதற்கான சாமான்களையும் மாதக் கணக்குப் போட்டு எடுத்துப் போகிறார்கள். பிளாஸ்டிக் எதையும் கடலில் எறியக் கூடாது என்பது சர்வதேச விதி. குப்பையைக் கட்டி வைத்திருந்து கரையில்தான் போட வேண்டும். ஒளிவு மறைவு, தீட்டு என்ற பேச்சுக்கெல்லாம் அங்கே இடமில்லை. உடம்பு இருக்கிறபடி இருக்கும், வேலை நடக்கிறபடி நடக்கும்.

தூளியும் ஜாமக் காவலும்

இப்போதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

படகில் படுக்கைக்கு ஒரு பக்கம் உயரமாகத் துணி கட்டியிருப்பார்கள். படகு உருளும்போது தூங்குபவர் கீழே விழாமல் தாங்கிக்கொள்ளும். நம் வீட்டுத் தூளியேதான்! ஆனால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அதில் படுக்க முடியாது. கப்பல் எதிரே வரலாம், காற்று திசை மாறலாம், பாய் கிழியலாம். 24 மணி நேரமும் ஒருவர் விழித்திருந்தாக வேண்டும்.

ஒரு ஜாமத்துக்கு 3 மணி நேரம் என்பது நம் பாட்டிமார் கணக்கு. இரண்டு பேர் ஓட்டும் படகுகளிலும் ஏறக்குறைய அப்படித்தான். ஒருவர் 3 மணியோ 4 மணியோ காவல் இருப்பார். அடுத்தவர் தூங்குவார். பிறகு ஆள் மாற்றம். இதில் சில விதிகளை மீறவே மாட்டார்கள். தூங்குபவரைச் சின்னக் காரணத்துக்கு எழுப்பக் கூடாது. உண்மையான தேவை வந்தால் எழுப்பத் தயங்கவும் கூடாது. எழுப்புவது கையாலாகாத்தனம் இல்லை. காவல் மாறும்போது காற்று எப்படி, பாய் எப்படி, எந்தக் கப்பல் தெரிந்தது என்று முழுசாகச் சொல்லி, நோட்டிலும் எழுத வேண்டும். அடுத்தவர் உடையணிந்து தயாராக, நேரத்துக்கு முன்பே வந்து நிற்க வேண்டும். ஏனென்றால், தூக்கம் கெட்டவர் எடுக்கும் முடிவு இரண்டு பேரையும் மூழ்கடித்துவிடும்.

இதைக் கைக்குழந்தை உள்ள வீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள், சகோதரிகளே! பிள்ளை இரண்டு மணிக்கு ஒரு தரம் அழுகிறது. பால் கொடுப்பது அம்மா. ஏப்பம் வரத் தட்டுவது அம்மா. துணி மாற்றுவது அம்மா. தூளி ஆட்டுவதும் அம்மா. விடிந்ததும் அடுப்பு மூட்டுவது யார்? அதுவும் அம்மாதான்! எல்லா ஜாமத்துக்கும் ஒரே ஆள் காவல். பிள்ளை பெற்று மூன்று மாதமான பெண் ஒருத்தி என்னிடம் சொன்னாள்: "அக்கா, ஒரே ஒரு ராத்திரி நாலு மணி நேரம் விடாமத் தூங்கினாப் போதும்க்கா. வேற எதுவும் வேணாம்." அவரிடம் சொல்லக் கூடாதா என்றேன். "அவர் காலையில வேலைக்குப் போகணுமே" என்றாள். நாம் மட்டும் காலையில் என்ன, ஓய்வெடுக்கவா எழுந்திருக்கிறோம்?

பால் கொடுக்கத்தான் அம்மா வேண்டும். தட்டுவதற்கும், துணி மாற்றுவதற்கும், தூளி ஆட்டுவதற்கும் அப்பா போதும், மாமியார் போதும், பெற்ற தாயும் வந்திருக்கலாம். பிரசவித்த பெண்ணுக்குத் தொடர்ந்து தூக்கம் கெட்டால் மனச்சோர்வு வர அதிக வாய்ப்பு உண்டு என்று டாக்டர்கள் எச்சரிக்கிறார்கள். காரணமில்லாத அழுகை, பிள்ளையைத் தூக்கவே மனமில்லாமை, சாப்பிடப் பிடிக்காமை இவையெல்லாம் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், "திமிரு", "பேய்க் கோளாறு" என்று பேசிக் காலத்தைக் கடத்தாமல் டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாள் கூடத் தாமதிக்கக் கூடாது. 14416 என்ற அரசாங்க இலவச மனநல எண்ணுக்குப் போன் செய்தால் தமிழிலேயே பேசலாம்.

கேப் ஹார்ன் முனை

தென் அமெரிக்காவின் அடிமுனையான கேப் ஹார்ன், மாலுமிகள் பெயரைக் கேட்டாலே பயப்படும் இடம். தாரிணி அதைக் கடந்தது 2025 பிப்ரவரி 15-ல். அதற்கு முன் ஜனவரி 30-ல் நீமோ முனை என்ற இடத்தைக் கடந்தார்கள். எந்தத் திசையில் போனாலும் கரை 2,600 கிலோமீட்டருக்கு மேல்! அங்கே இருப்பவர்களுக்கு மிக அருகில் இருக்கும் மனிதர்கள், சில நேரங்களில், தலைக்கு மேலே விண்வெளி நிலையத்தில் சுற்றிக்கொண்டிருப்பவர்கள்தான்.

இங்கே பயப்படுவது நியாயம்தான். நம் கடற்படையின் அபிலாஷ் டோமி 2018 செப்டம்பரில் தனியாகப் போன பந்தயத்தில், தென் இந்தியப் பெருங்கடல் புயலில் படகின் பாய்மரம் முறிந்து, முதுகெலும்பு அடிபட்டு, அசைய முடியாமல் மூன்று நாள் கிடந்தார். ஒரு பிரெஞ்சுக் கப்பல் வந்து மீட்டது. அதே மனிதர் 2023-ல் அதே பந்தயத்தை முடித்து இரண்டாவதாக வந்தார். முதலாவதாக வந்தவர் யார் தெரியுமா? தென்னாப்பிரிக்காவின் கிர்ஸ்டன் நாய்ஷாஃபர் என்ற பெண்!

2024 தீபாவளி தாரிணிக்குக் கடலிலேயே வந்து போனது. 2025 பொங்கலும் கடலில்தான். நியூசிலாந்தைத் தாண்டிக் கிழக்கே போகும்போது தேதிக்கோட்டைக் கடப்பதால், ஒரே தேதி இரண்டு தடவை வரும். வீட்டில் பெற்றவர்கள் எத்தனை ராத்திரி தூங்காமல் கிடந்திருப்பார்களோ! நாம் பெண்ணை மதுரைக் காலேஜ் விடுதியில் விடுவதற்கே நாலு பேரிடம் யோசனை கேட்கிறோம். அவர்களும் நம்மைப் போன்றவர்கள்தானே. பயம் இருந்தும் அனுப்பி வைத்தார்கள்.

படகிலிருந்து நம் வீட்டுக்குச் சில குறிப்புகள்

1. கைக்குழந்தை உள்ள வீட்டில் ராத்திரியைக் காவலாகப் பிரித்து எழுதி, அடுப்படிச் சுவரில் ஒட்டுங்கள். தாய்க்குத் தினமும் ஒரு முறையாவது 4 மணி நேரம் விடாத தூக்கம் வேண்டும்.

2. காவல் மாறும்போது பிள்ளை எப்போது பால் குடித்தது, எத்தனை தடவை சிறுநீர் போனது, மருந்து கொடுத்தாயிற்றா என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒரே மருந்தை இரண்டு தடவை கொடுக்கும் ஆபத்து வராது.

3. சாயந்திரமே வெந்நீர் வைத்து ஃபிளாஸ்க்கில் ஊற்றிப் பக்கத்தில் வையுங்கள். பால் கொடுக்க உட்காரும் ஒவ்வொரு தடவையும் ஒரு டம்ளர் குடியுங்கள். ஃபிளாஸ்க் மட்டும் பிள்ளைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும்.

4. மழைக்காலத்தில் காய்கறி கிடைக்காதபோது பாசிப்பயறை முளைகட்டுங்கள். கர்ப்பிணிகளும் சின்னக் குழந்தைகளும் அதைப் பச்சையாகச் சாப்பிடாமல் நன்றாக வேகவைத்தே சாப்பிட வேண்டும். இறக்கியபின் எலுமிச்சை பிழியலாம்.

5. டப்பாக்களில் பெயரும் வாங்கிய தேதியும் எழுதி வையுங்கள். நாம் காய்ச்சலில் படுத்தாலும் வீட்டுக்காரர் சாமானைத் தேடாமல் சமைக்கலாம்!

இந்தக் கடைசிக் குறிப்பை அவர் காதில் விழுகிற மாதிரி கொஞ்சம் உரக்கவே படியுங்கள். முதல் குறிப்பை இன்று ராத்திரியே ஆரம்பித்துவிடுங்கள். முதல் ஜாமம் யாருடையது என்று இப்போதே கேட்டு எழுதிவிடுங்கள்.